வேன் பெரிது, நடை அதிகம்: விமானத்திலும் கப்பலிலும் நெட் இழுத்தால் அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

சென்ற ஆண்டு சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் உட்லண்ட்ஸ்காரர் ஒருவர். அறுபது வயதிருக்கும். விமானத்து வைஃபையில் இணைந்து, ஸ்பீட் டெஸ்ட் போட்டு, கைபேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, 18 எம்பிபிஎஸ் காட்டுது லா. எம்ஆர்டி ரயில்ல சில நேரம் இவ்வளவுகூட வராது, ஆனா அங்க எல்லாம் ஓடுது. இங்க ஒரு செய்திப் பக்கம் திறக்கப் பத்து விநாடி ஆகுது. இது பொய் சொல்லுதா?"

"பொய் இல்லை அங்கிள், அது வேற கேள்விக்குப் பதில் சொல்லுது" என்றேன்.

நான் கப்பல்களுக்கு இணையம் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கடலில் வரும் புகாரும் ஆகாயத்தில் வரும் புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுக்கும் இணையம் தலைக்கு மேலிருந்து, துணைக்கோளம் (செயற்கைக்கோள்) வழியாக வருகிறது. அன்று சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்வரை அவரிடம் சொன்னதையும், எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியராக இருக்கும் என் மச்சானுக்கு வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் சொல்லிவருவதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அங்கிளுக்குச் சொன்ன உதாரணம் என் சித்தியைப் பற்றியது. சித்தி வீடு ஜூரோங் வெஸ்ட்டில். கல்யாணச் சாமான் வாங்க என்னைத் தேக்காச் சந்தைக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். பட்டியலை மொத்தமாகக் கொடுத்தால் ஒரே நடையில் முடியும். ஆனால் சித்தி, "முதல்ல வெத்தலை வாங்கிட்டு வா, அதப் பாத்துட்டு மத்தத சொல்றேன்" என்கிற ரகம். வெற்றிலைக்கு ஒரு நடை, பாக்குக்கு ஒரு நடை, பூவுக்கு ஒரு நடை. என் வேன் எவ்வளவு பெரிது என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை. ஸ்பீட் டெஸ்ட் காட்டும் எம்பிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) வேனின் அளவு. லேட்டன்சி என்பது ஒரு நடை போய்த் திரும்ப ஆகும் நேரம். ஸ்பீட் டெஸ்ட் இன்னொரு காரியமும் செய்கிறது: ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து, பல வேன்களை வரிசையாக அனுப்பி, மொத்தச் சரக்கை எடை போடுகிறது. அதனால் நடைநேரம் அந்த எண்ணில் தெரிவதே இல்லை.

## எதையும் தொடுவதற்கு முன்: பிங்

கணினி என்றால் கட்டளைத் திரையில் 1.1.1.1 என்ற முகவரிக்கு இருபது முறை பிங் அனுப்புங்கள்; ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லிவிநாடி, அதாவது ஒரு நடைக்கு எவ்வளவு, என்று அது காட்டும். கைபேசி என்றால் பிங் செயலி ஒன்றைத் தரையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஃபைபரில் இந்த எண் ஒற்றை இலக்க மில்லிவிநாடியில் இருக்கும். சில விமானங்களில் பிங்கையே அடைத்து வைத்திருப்பார்கள்; அப்போது ஸ்பீட் டெஸ்ட் முடிவில் ஓரமாகப் போட்டிருக்கும் பிங் எண்ணைப் பாருங்கள், எல்லாரும் தாண்டிப்போகிற எண் அது.

600 முதல் 700 மில்லிவிநாடி என்றால் நீங்கள் புவிநிலைத் துணைக்கோளத்தில் இருக்கிறீர்கள். பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் அது, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், பதிலும் மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். நான்கு முறை அந்தத் தூரத்தைக் கடந்தால் 480 மில்லிவிநாடி. மீதி நூறு இருநூறு, மோடம்களும் தரைநிலையமும் எடுத்துக்கொள்வது. இந்த 480ஐ யாராலும் குறைக்க முடியாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுச் சண்டை போட்டாலும் ஒளி வேகமாக ஓடாது.

120 முதல் 150 வரை என்றால் நடு உயரத் துணைக்கோளம். ஓ3பி வகை 8,062 கிலோமீட்டரில் சுற்றுகிறது. 30 முதல் 80க்குள் என்றால் தாழ்வட்டப் பாதை. ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர், ஒன்வெப் 1,200 கிலோமீட்டர். கத்தார் ஏர்வேஸ் தன் போயிங் 777 விமானத்தில் 2024 அக்டோபரில் ஸ்டார்லிங்க் தொடங்கியது. ஆக இப்போது "விமான வைஃபை" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரே தடத்தில் இரண்டு விமானங்களில் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

## வைஃபை இணைந்துவிட்டது, உள்நுழைவுப் பக்கமே வரவில்லை

இது லேட்டன்சிக் கோளாறு அல்ல, ஆனால் பழி லேட்டன்சி மேல்தான் விழுகிறது. விபிஎன்னை (உங்கள் இணையப் பேச்சை ஒரு மூடிய குழாய்க்குள் அனுப்பும் செயலி) அணையுங்கள். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ், ஐஃபோனில் பிரைவேட் ரிலே, இரண்டையும் அணையுங்கள். பிறகு பிரவுசரில் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு இல்லாத ஒரு முகவரியைத் தட்டுங்கள். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் இதற்காகவே இருக்கிறது. பூட்டுப் போட்ட பக்கத்தை இடைமறித்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்ப விமானத்து ரௌட்டரால் முடியாது, பூட்டில்லாத பக்கத்தைத் திருப்ப முடியும்.

காசு கட்டி வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்கள் வாங்கிய திட்டம் பெரும்பாலும் உங்கள் கைபேசியின் வைஃபை முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். இப்போதைய கைபேசிகள் அந்த முகவரியைத் தாமாகவே மாற்றுகின்றன. சரியாக வரவில்லையே என்று நெட்வொர்க்கை அழித்துவிட்டு மறுபடி சேர்ந்தால், புது ஆளாகக் கணக்கிட்டு மறுபடி காசு கேட்கும். அந்த விமானம் இறங்கும்வரை முகவரி மாறாமல் இருக்கும்படி அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

## ஸ்பீட் டெஸ்ட் நன்றாக இருக்கிறது, பக்கம் திறக்க யுகமாகிறது

அங்கிளின் கோளாறு. நடையை எண்ணுவோம்.

பெயரைச் சொல்லி முகவரி கேட்க ஒரு நடை, அது டிஎன்எஸ். சர்வரிடம் "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று பேசிக்கொள்ள ஒரு நடை, அது டிசிபி, தரவைச் சின்னச் சின்னப் பொட்டலமாக அனுப்பிப் பதில் பார்க்கும் முறை. பூட்டுச் சாவி பரிமாற, பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் இரண்டு நடை; 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 என்றால் ஒன்று. அதற்கப்புறம்தான் "பக்கத்தைக் கொடு" என்று கேட்க முடியும், அது ஒரு நடை. பழைய முறையில் மொத்தம் ஐந்து. வீட்டில் ஐந்து நடைக்கு 25 மில்லிவிநாடி, கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. புவிநிலைத் துணைக்கோளத்தில் ஐந்து நடைக்கு 3 விநாடி. இன்னும் ஒரு எழுத்தும் திரைக்கு வரவில்லை, கவனியுங்கள். வந்த பக்கம் உடனே "எழுத்துருவை அந்த சர்வரிடம் வாங்கு, விளம்பரத்தை இந்த சர்வரிடம் வாங்கு" என்று அனுப்பும். ஒவ்வொரு புது சர்வருக்கும் முதலிலிருந்து அதே சடங்கு. செய்திப் பக்கங்கள் அசல் சித்திகள்.

படம் பெரிதாக இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. டிசிபிக்குப் பயந்த சுபாவம். முதல் தடவை பத்துப் பொட்டலம்தான் அனுப்பும், சுமார் 14 கேபி. பதில் வந்தால் இருபது, அப்புறம் நாற்பது. இப்படி இரட்டித்துப் போய் 1 எம்பி படம் முழுதாக வந்துசேர ஏழு நடை ஆகும். ஏழை 0.6ஆல் பெருக்குங்கள், 4.2 விநாடி. அங்கிளின் 18 எம்பிபிஎஸ்ஸில் அந்தப் படம் அரை விநாடிக்குள் வந்திருக்க வேண்டும். வேன் முக்கால்வாசி காலியாகவே போய் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்?

விளம்பரத் தடுப்பான் போடுங்கள். மாயமில்லை, வெறும் நடைக்கணக்கு: பத்து சர்வர்களை வெட்டினால் அத்தனை சடங்கும் போச்சு. அப்புறம், படிக்க வேண்டியதை ஒவ்வொன்றாகத் திறக்காதீர்கள். ஐந்து கட்டுரை படிக்க வேண்டுமென்றால் ஐந்தையும் ஐந்து டேபில் ஒரேயடியாகத் தட்டிவிட்டு, ஒரு வாய் காப்பி குடியுங்கள். ஐந்தும் ஒன்றாகக் காத்திருந்து ஒன்றாக வரும். இதுதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உபாயம், ஆனால் யாரும் செய்வதில்லை. அதற்கு நேர்மாறானதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள்: வரவில்லை என்று ரீஃப்ரெஷ் அழுத்துகிறார்கள். நான்கு நடை முடிந்து ஐந்தாவது நடை பாதி வழியில் வந்துகொண்டிருக்கும். அழுத்தியதும் எல்லாம் தள்ளுபடி, மறுபடி முதல் நடை. பத்து விநாடிக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

செயலிகளையும் அடிக்கடி மூடாதீர்கள். திறந்தே இருக்கும் செயலி, இணைப்பைக் கையில் பிடித்தபடி வைத்திருக்கும். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி மட்டும் விமானத்திலும் பறப்பதற்குக் காரணம் இதுதான். சடங்கெல்லாம் முன்பே முடிந்துவிட்டது, செய்தி ஒரு நடையில் போய்விடுகிறது.

## எந்தக் கோப்பை இறக்கினாலும் 0.8, 0.9 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடுகிறது

இது பெரும்பாலும் கப்பல் கோளாறு. பார்த்தவுடனே காரணம் சொல்லிவிடலாம், அதனால் எனக்குப் பிடித்த கோளாறும்கூட.

பழைய டிசிபியில், பதில் வராமல் ஒரே மூச்சில் 64 கேபிக்கு மேல் அனுப்பக்கூடாது. 0.6 விநாடிக்கு 64 கேபி என்றால் 0.87 எம்பிபிஎஸ். அதற்கு மேல் ஒரு துளியும் போகாது, நீங்கள் 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்குக் காசு கட்டினாலும். இந்த வரம்பை விரிக்கும் வழி 1992இலேயே வந்துவிட்டது, இன்றைய கணினிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனாலும் நடுவில் ஒரு பழைய ஃபயர்வால் (காவல் பெட்டி), வரம்பை விரிக்கச் சொல்லும் குறிப்பைக் கிழித்துப் போட்டால் மறுபடி 64 கேபிதான். ஒரே எண்ணில், கோடு போட்ட மாதிரி வேகம் நின்றால் மழையையும் துணைக்கோளத்தையும் விட்டுவிட்டு ஃபயர்வாலைப் பாருங்கள். அதை மாற்ற அதிகாரம் இல்லையென்றால், கோப்பைப் பல துண்டாக ஒரே நேரத்தில் இறக்கும் டவுன்லோட் மேனேஜர் பயன்படுத்துங்கள். எட்டு இணைப்பு, எட்டு வேன்.

## விபிஎன் போட்டதும் நத்தை

அலுவலக லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் வந்து விழுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ளத் துணைக்கோளக்காரர்களின் ஒரு சாமர்த்தியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிசிபி ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் காத்திருக்கிறது அல்லவா? விமானத்திலும் கப்பலிலும் இருக்கும் மோடம், தூரத்து சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல், "கிடைத்துவிட்டது, அடுத்ததை அனுப்பு" என்று தானே உங்கள் கணினிக்குச் சொல்லிவிடும். தரையில் இருக்கும் ஜோடிப் பெட்டி சர்வரிடமும் அதே நாடகம் ஆடும். நடுவில் துணைக்கோளத்தைக் கடக்க இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் வேறு மொழி பேசிக்கொள்ளும். சித்திக்குத் தெரியாமல் தேக்காவில் ஒரு ஆளை நிறுத்தி, அவர் கேட்கும் முன்பே மொத்தப் பட்டியலையும் வாங்கி வைப்பது மாதிரி. இதனால்தான் 600 மில்லிவிநாடியிலும் ஓரளவுக்கு எல்லாம் ஓடுகிறது.

விபிஎன் போட்டால் உங்கள் பேச்சு முழுதும் ஒரு மூடிய பெட்டிக்குள் போய்விடுகிறது. மோடமுக்கு உள்ளே டிசிபி இருப்பதே தெரியாது. நாடகம் ஆட முடியாது. பாவம், டிசிபி நிஜமான 600 மில்லிவிநாடியைத் தனியாகச் சந்திக்கிறது.

ஆகவே, முதலில் அலுவலக ஐடியிடம் பகுதி விபிஎன் கேளுங்கள்: அலுவலக சர்வருக்குப் போவது மட்டும் குழாய்க்குள், மற்றதெல்லாம் நேராக. அப்புறம் விபிஎன் டிசிபி வழியாகப் போகிறதா, பதிலுக்குக் காத்திருக்காத யுடிபி வழியாகப் போகிறதா என்று பாருங்கள். டிசிபிக்குள் டிசிபி என்றால் ஒரு பொட்டலம் தொலைந்ததும் வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் இரண்டும் தனித்தனியாக மறுபடி அனுப்பத் தொடங்கும், பெருங்குழப்பம். யுடிபிக்கு மாற்றுங்கள்.

இதே காரணத்தால் ஒரு வேடிக்கையும் உண்டு. 2021இல் தரமாக்கப்பட்ட குயிக் என்கிற புதுமுறை, கைகுலுக்கலையும் பூட்டையும் ஒரே நடையில் முடிக்கிறது. லேட்டன்சிக்கென்றே செய்த மருந்து. ஆனால் அதுவும் மூடிய பெட்டி, மோடமால் உள்ளே கை வைக்க முடியாது. புவிநிலை இணைப்பில் பெரிய கோப்பு இறக்கும்போது சில சமயம் குயிக்கை அணைத்தால் வேகம் கூடுகிறது. குரோமில் பரிசோதனை அமைப்புகள் பக்கத்தில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. தாழ்வட்டப் பாதை என்றால் அதைத் தொடாதீர்கள், அங்கே குயிக் நன்றாகவே ஓடும்.

தொலைத்திரையில், அதாவது தூரத்துக் கணினியின் திரையை இங்கே வரவழைத்து, வேலை செய்கிறவர்களுக்கு: நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு நடை. 'வணக்கம்' என்று தட்டிவிட்டு அது தெரிவதற்குக் காத்திருப்பது பொறுமைச் சோதனை. மின்னஞ்சலை உங்கள் கணினியிலேயே நோட்பேடில் எழுதி, மொத்தமாக ஒட்டுங்கள். சர்வரில் கட்டளைத் திரை வேலை என்றால் மோஷ் என்ற கருவி, தட்டிய எழுத்தைக் காத்திருக்காமல் உடனே திரையில் காட்டிவிட்டுப் பிறகு சர்வரோடு சரிபார்த்துக்கொள்ளும். என் மடிக்கணினியில் எப்போதும் இருக்கும் கருவி அது.

## பேச்சில் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள்

ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, 400ஐத் தாண்டினால் ஏற்க முடியாது என்கிறது. புவிநிலைத் துணைக்கோளத்தில் ஒருவழிக்கே 240 போய்விடுகிறது, அதன்மேல் குரலைச் சுருக்கி விரிக்கும் நேரம். மச்சான் "ஹலோ" என்று சொல்லிவிட்டு பதில் வரவில்லையே என்று மறுபடி "ஹலோ" என்பார். என் முதல் "ஹலோ" அப்போதுதான் அவருக்குப் போய்ச் சேரும். பிறகு இரண்டு பேரும் நிறுத்துவோம், இரண்டு பேரும் தொடங்குவோம்.

எந்த அமைப்பை மாற்றினாலும் இது போகாது. வாக்கி-டாக்கி மாதிரி பேசுங்கள், முடித்ததும் "சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை. கடலோடிகளுக்கு இது தானாக வரும், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குரல் பதிவு அனுப்புங்கள். ஐந்து நிமிடப் பதிவில் காத்திருப்பு ஒரே தடவைதான். விமானத்தில் குரல் அழைப்பையே பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, அங்கே அழைப்பு போகாததற்குக் காரணம் தேட வேண்டாம்.

கைபேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் கேம் ஆடப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: பிங் 600 என்றால் ஆடாதீர்கள், உங்கள் அணிக்காரர்கள் திட்டுவார்கள்.

## பிங் 600ஆக இருந்தது, திடீரென 2,000, 3,000 ஆகிறது

இந்தக் கூடுதல் நேரம் ஆகாயத்தில் போகவில்லை, வரிசையில் போகிறது. மோடமில் ஒரு காத்திருப்பு இடம் உண்டு. யாரோ ஒருவர் பெரிதாக எதையோ மேலேற்றினால் அந்த இடம் நிரம்பி, உங்கள் சின்னப் பொட்டலமும் அதன் பின்னால் நிற்கிறது. மதிய வேளையில் உணவங்காடியில் முன்னால் நிற்பவர் முழு அலுவலகத்துக்கும் பொட்டலம் கட்டச் சொன்னால், ஒரு தே-ஓ வாங்க வந்த நமக்கு என்ன ஆகும்? அதேதான்.

சோதிக்க எளிது. உங்கள் கைபேசியில் புகைப்படக் காப்பை நிறுத்திவிட்டு பிங் பாருங்கள். பல நேரம் குற்றவாளி நாமேதான்: நண்பர்களோடு எடுத்த நாற்பது படமும் பின்னணியில் மேலே ஏறிக்கொண்டிருக்கும். படக் காப்பு, செயலிப் புதுப்பிப்பு, மேகச் சேமிப்பு, மூன்றையும் நிறுத்துங்கள். டேட்டா சேமிப்பு முறையைப் போட்டால் பெரும்பாலும் ஒரே பொத்தானில் முடியும்.

விமானத்தில் இருநூறு பேரின் காப்பையும் உங்களால் நிறுத்த முடியாது. சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்த பிறகு பாருங்கள், எண் இறங்கியிருக்கும். கப்பலில் செய்யலாம். மாலுமிகளுக்குச் சமூகத் தொடர்பு வசதியும் வேண்டும் என்கிற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தம் 2024 டிசம்பர் 23இல் நடப்புக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனால் இருபது பேர் வேலை முடிந்து ஒரே நேரத்தில் வீட்டுக்குப் படம் அனுப்பினால் கேப்டனின் வானிலைக் கோப்பு வரிசையில் நிற்கும். ரௌட்டரில் மேலேற்ற வேகத்தை இணைப்பின் உண்மை வேகத்தில் 85, 90 விழுக்காட்டுக்கு மட்டுப்படுத்தி, சின்னப் பொட்டலம் பெரியவற்றின் பின்னால் நிற்காமல் முறைவைத்து அனுப்பும் எஃப்கியூ-கோடல் வகை வரிசை முறையைப் போடுங்கள். வரிசை மோடமுக்குள் சேராது. மொத்த வேகத்தில் கொஞ்சம் போகும். மச்சானின் கப்பலில் இதைச் செய்தபோது "வேகத்தைக் குறைச்சிட்டு வேகமாயிடுச்சுன்றியே" என்று சிரித்தார்.

## வங்கிச் செயலியும் சிங்பாஸும் நேரம் முடிந்துவிட்டது என்கின்றன

சிங்பாஸ் என்பது சிங்கப்பூர் அரசின் மின்னடையாளச் செயலி. இரண்டு காரணம். ஒன்று, திரையில் ஓடும் கெடுநேரம். தரையில் தாராளமாக இருக்கும் நேரம், ஒவ்வொரு நடைக்கும் 0.6 விநாடியும் அதன்மேல் வரிசையும் சேர்ந்தால் போதாமல் போகலாம். இரண்டு, உங்கள் இணையம் தரையிறங்கும் இடம். வங்காள விரிகுடா மேலே பறந்தாலும் துணைக்கோள நிறுவனத்தின் தரைநிலையம் வேறு நாட்டில் இருக்கலாம்; வங்கிக்கு நீங்கள் அந்த நாட்டிலிருந்து வருவதாகத்தான் தெரியும், கூடுதல் சோதனை கேட்கும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, விமானப் பயன்முறையில் இருக்கும் கைபேசிக்கு வராது. சிங்கப்பூர் வங்கிகள் மின்னிலக்க டோக்கன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி ஓடிபியைப் படிப்படியாக நிறுத்துவதாக 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. அந்த டோக்கன் வைஃபையிலேயே வேலை செய்யும். ஏறுவதற்கு முன் அமைத்து, ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்று நினைவில் இருந்தால் போதும். பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தி, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அழுத்தாதீர்கள். கட்டளை போய்ச் சேர்ந்திருக்கும், பதில்தான் வழியில் இருக்கும். பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த அழுத்தம். ஊரில் அண்ணன் மகளுக்கு மொய்ப்பணம் இரண்டு தடவை போன அனுபவம் எனக்கே உண்டு. திருப்பிக் கேட்கவா முடியும்?

## நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு இடத்தில் அறுந்துவிட்டது

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் நேரத்தில் இருக்கிறது.

சென்னையோ திருச்சியோ நெருங்கி, விமானம் இறங்கத் தொடங்கியதும் போனால் அது விதி. இந்தியாவின் 2018ஆம் ஆண்டு விமான, கடல் தொடர்பு விதிகள் 3,000 மீட்டருக்கு மேலேதான் அனுமதித்தன; 2024இல் வந்த திருத்தம், மின்னணுச் சாதனங்களுக்கு அனுமதி இருக்கும்போது வைஃபை தரலாம் என்கிறது. வழி நடுவில் ஒரு நிமிடம் போய்த் திரும்பி வந்தால், ஒரு கதிரிலிருந்து அடுத்த கதிருக்கோ ஒரு துணைக்கோளத்திலிருந்து அடுத்ததற்கோ மாறுகிறது. ஸ்டார்லிங்க் என்றால் 15 விநாடிக்கு ஒருமுறை எந்தத் துணைக்கோளம் என்று மாற்றி ஒதுக்குகிறது. அந்த இடங்களில் பிங் ஒரு துள்ளு துள்ளும். உலாவ அது தெரியாது, வீடியோ அழைப்பில் ஒரு கணம் முகம் உறையும். இதற்கெல்லாம் கை வைக்க ஒன்றுமில்லை.

சிங்கப்பூர்ப் பக்கம் மட்டும் ஒரு விசித்திரம். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் புவிநிலைத் துணைக்கோளங்கள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. 2011இல் ஏவிய எஸ்டி-2 துணைக்கோளம் 88 பாகை கிழக்கில் இருக்கிறது; இங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே 71 பாகை. அதனால் தூரம் குறைவு, கப்பலின் புகைபோக்கி மறைப்பதும் குறைவு. வடக்கே தொலைவில் டிஷ் சாய்ந்து சாய்ந்து தூரம் 41,000 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் விமானத்தின் முதுகில் இருக்கும் பழைய வகைத் தட்டையான கேயு அலைவரிசை ஆண்டெனாக்களுக்கு நம் பகுதிதான் சிரமம். அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருப்பதால் அவற்றின் கதிர் ஒரு பக்கம் பரந்துவிடும். இங்கே அந்தப் பரந்த பக்கம், பக்கத்துத் துணைக்கோளங்கள் வரிசையாக நிற்கும் திசையிலேயே விழுகிறது. அவற்றுக்கு இடையூறு வராமல் இருக்க ஆண்டெனா தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஏறி ஒரு மணி நேரம் மேலேற்றம் மட்டும் மோசமாக இருந்து, வடக்கே போகப்போகச் சரியானால் இதுவாக இருக்கலாம்.

கப்பல் என்றால் மழையையும் பாருங்கள். நம் மாலை இடிமழை கேயு, கேஏ என்ற துணைக்கோள அலைகளைக் குடித்துவிடும். மோடம் சமாளிக்கத் தன் வேகத்தைக் குறைக்கும். நடைநேரம் மாறாது, ஆனால் தொலையும் பொட்டலங்களை மறுபடி கேட்க ஒவ்வொன்றுக்கும் இன்னொரு நடை. அரை மணி நேரம் காத்திருங்கள். விமானம் மழைக்கு மேலே பறந்தாலும் அதன் தரைநிலையம் மழையில் நனையலாம், அதையும் மறக்க வேண்டாம்.

## வீடியோ தொடங்க நேரமாகிறது, பிறகு நன்றாக ஓடுகிறது

விட்டுவிடுங்கள், கோளாறே இல்லை. தொடங்கும்போதுதான் நடைகள், அப்புறம் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும். ஒலி 96.8 வானொலியை இணையத்தில் கேட்டாலும் அப்படித்தான். அடிக்கடி முன்னும் பின்னும் இழுத்தால் மட்டும் ஒவ்வொரு இழுப்புக்கும் மறுபடி காத்திருக்க வேண்டும்.

## எல்லாம் வேகம், ஒரே ஒரு மென்பொருள் மட்டும் சாகிறது

பிங் 50, மற்ற எல்லாம் வீடு மாதிரி ஓடுகிறது, ஒன்று மட்டும் இழுக்கிறது என்றால் அதன் சர்வர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். துணைக்கோளம் 550 கிலோமீட்டரில் இருந்தாலும் சர்வர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தால் மீதித் தூரத்தைக் கடலடிக் கேபிள்தான் கடக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சிங்கப்பூரிலிருந்து 14,000 கிலோமீட்டர் நேர்த்தூரம் போய்வர 140 மில்லிவிநாடி, கேபிள் வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் கூட.

சர்வரும் இங்கேயே இருந்தால், சந்தேகம் மென்பொருள் மேல்தான். ஒரு தடவை ஒரு கப்பல் நிறுவனத்தில் உதிரிபாகக் கணக்கு எழுதும் மென்பொருளைப் பார்க்கச் சொன்னார்கள். கரையில் ஒரு நொடியில் சேமிக்கும், கப்பலிலிருந்து நான்கு நிமிடம். துணைக்கோளத்தை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகைக்கு விலைப்பட்டியலே தயாராக இருந்தது. நான் பொட்டலங்களைப் பிடித்து எண்ணினேன். ஒரு படிவத்தைச் சேமிக்க 400 நடை. ஒவ்வொரு கட்டத்தையும் தரவுத்தளத்தில் தனித்தனியாக எழுதி, தனித்தனியாகப் பதிலுக்குக் காத்திருந்தது. 400ஐ 0.6ஆல் பெருக்கினால் 240 விநாடி, அவர்கள் சொன்ன அதே நான்கு நிமிடம்.

எழுதியவர் தன் மேசைக்குப் பக்கத்திலேயே சர்வரை வைத்துச் சோதித்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு 400 நடையும் அரை நொடிதான். விலைப்பட்டியலைக் கிழிக்கச் சொன்னேன். கப்பலில் ஒரு சின்னக் கணினியை வைத்து, தரவுத்தளத்தின் நகலை அதிலேயே ஓடவிட்டோம். படிவம் அங்கேயே சேமித்து, இரவு 2 மணிக்கு அன்றைய மாற்றம் எல்லாம் ஒரே கோப்பாகக் கரைக்கு வரும். பிங் இன்றைக்கும் அதே 600தான்.